சைக்கிள் கூடைக்குள் துவக்கு

வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்து, தேத்தண்ணி ஊற்றி வைக்கிற கெயரர் வேலையில் முதுகைவிடக் காதுதான் கூட நோகும், ஏனென்றால் காண்கிறவர்கள் எல்லோரும் புத்தி சொல்லுவார்கள். அந்த வேலைக்குச் சைக்கிளில் போகிறவள் என்றால் கேட்கவே வேண்டாம். இதைப் படிக்கிறவர்களில் மழை அங்கியும் தானுமாக ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குப் பதினைந்து நிமிசத்தில் மிதித்து ஓடுகிறவர்கள் இருந்தால், என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

ஜேர்மனியில் பதினொரு வருடம் இருந்துவிட்டு லண்டன் இல்ஃபோர்டுக்கு வந்தவள் நான். அங்கேயும் சைக்கிள்தான், இங்கேயும் சைக்கிள்தான். கார்க்காரர் பார்க்கிங் தேடி முடிக்கிறதற்குள் நான் ஒருவரைக் குளிப்பாட்டிப் பவுடரும் போட்டுவிடுவேன். 2009இல் நடந்தவற்றில் சிலதை எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன், என் வாயை மாற்றவில்லை.

கள்ளனுக்குக் கிடைத்த பொதி

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை இருக்கும். சிவப்பு விளக்கில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் வந்து நின்ற ஸ்கூட்டரின் பின்னால் இருந்தவன் என் முன்கூடையில் கிடந்த பையைப் பிடித்து இழுத்தான். நானும் விடவில்லை. பை கிழிந்து, அவன் கையில் ஒரு பெரிய பொதியும் என் கையில் பையின் காதும் மிஞ்சின. ஸ்கூட்டர் பறந்துவிட்டது. அந்தப் பொதிக்குள் இருந்தது படுக்கையிலேயே ஒன்றுக்குப் போகிற பெரியவர்களுக்குக் கட்டுகிற நப்பி, இருபது. வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தபோது அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து வழி முழுக்கச் சிரித்தேன்.

அடுத்த வீடு ஹரோல்டுடையது. தொண்ணூறை நெருங்குகிற வெள்ளைக்காரர். இளமையில் ராணுவத்தில் இருந்தவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டா, பிள்ளைகள் இல்லை. இரண்டு காலும் சொல்வழி கேட்காது. காலையில் ஒருதரம், பின்னேரம் ஒருதரம் நான் போகாவிட்டால் அவரோடு கதைக்க ஒரு சீவன் இல்லை. பிந்தி வந்த காரணத்தைச் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சவரம் செய்து முடித்ததும் கேட்டார்: "நப்பி போனால் போகட்டும். நாளைக்கு அவன் கத்தியோடு வந்தால் நீ என்ன செய்வாய்?"

அண்ணையின் இடுப்பு

அந்த மாதம் டெக்சாஸிலிருந்து என் அண்ணை வந்து நின்றார். அங்கே சனிக்கிழமைகளில் சைக்கிள் ஓடுகிறவர். அப்போது சேட்டுக்கு உள்ளே, இடுப்பு வாரில் கைத்துவக்கு, பிஸ்டல், செருகியிருக்குமாம். அதற்கு அனுமதிப் பத்திரமும் பேர்சுக்குள் இருக்கிறதாம். "என்னடி, வெறுங்கையோடயோ றோட்டிலை போறாய்?" என்று கேட்டார். "கையுறை போட்டுக்கொண்டுதான் போறன் அண்ணை" என்றேன். இந்த நாட்டில் பொலிஸ்காரரே பெரும்பாலும் துவக்கில்லாமல்தான் திரிகிறார்கள், நாங்கள் வைத்திருந்தால் நேரே மறியல், கம்பி எண்ணவேண்டியதுதான் என்று விளங்கப்படுத்தினேன். அவருக்கு ஏறவில்லை.

மிதித்துக்கொண்டே துவக்கை எப்படி இழுப்பது என்று காட்டவேண்டும் என்று ஆசைப்பட்டு, எங்கள் வீட்டு நடையில் என் சைக்கிளில் ஏறினார். துவக்குக்குப் பதிலாக டிவி ரிமோட்டை இடுப்பில் செருகியிருந்தார். ஒரு கையால் ஹாண்டிலைப் பிடித்து மறு கையால் ரிமோட்டை உருவினார், அவ்வளவுதான். கோட்டு மாட்டுகிற கம்பி, ஏழு கோட்டு, சைக்கிள், அண்ணை எல்லாம் ஒரே குவியல். குசினி வாசலில் அகப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனுசன் சொன்னார்: "மச்சான், முதல்லை சைக்கிளைப் பிடியும். துவக்கைப் பிறகு பிடிக்கலாம்."

எதிர்க்காற்று

அண்ணைக்கு மறுத்த என்னால் எங்கள் தமிழ்க் கடைக்கார அம்மாவுக்கு மறுக்க முடியவில்லை. "பிள்ளை, இதை வைச்சுக்கொள்ளும். கண்ணிலை பட்டுதெண்டால் யானையும் குந்தியிருந்திடும்" என்று சின்னப் போத்தல் ஒன்றில் வறுத்த மிளகாய்த்தூள் நிரப்பித் தந்தா. ஏப்ரன் பொக்கற்றில் போட்டுக்கொண்டேன். மூடி ஒழுங்காகப் பூட்டவில்லை என்பது அந்த அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பாலத்து இறக்கத்தில் எதிர்க்காற்று. ஏப்ரன் படபடவென்று அடித்தது. யானை வரவில்லை, தூள் முழுக்க என் கண்ணுக்குள் வந்தது. பஸ் தரிப்பிடத்து மர வாங்கில் குந்தி, தண்ணீர்ப் போத்தலை முகத்தில் ஊற்றி, மூக்கும் கண்ணும் ஒழுக ஒழுக இருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு ஆங்கிலேயப் பெண் என் முதுகைத் தடவிவிட்டுச் சொன்னா: "அழாதே கண்ணே. அவன் யாராக இருந்தாலும் உன் கண்ணீருக்குத் தகுதியில்லாதவன்."

பிஸ்கட் ரின்

இரண்டு கிழமை, பதினாலு நாள் போயிருக்கும். ஹரோல்டின் வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது என் பை பாரமாக இருந்தது. பார்த்தால் உள்ளே ஒரு பிஸ்கட் ரின், தகரப் பெட்டி. அவர் இப்படித்தான், ஒரு நாள் வாழைப்பழம், ஒரு நாள் சொக்லேட் என்று எனக்குத் தெரியாமல் பைக்குள் தள்ளிவிடுவார். "வீட்டுக்குப் போய்த் திற" என்றார். நன்றி சொல்லிவிட்டுக் கூடையில் வைத்து மிதித்தேன்.

ரயில் ஸ்டேசனடியில் சனம். அவசரத்தில் இருபது மீற்றர் தூரம் நடைபாதையில் ஏற்றி ஓடிவிட்டேன். எங்கிருந்து வந்தாரோ, ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி மறித்தார். நடைபாதையில் ஓடக் கூடாது, முன் லைற் வேலை செய்யவேண்டும் என்று ஐந்து நிமிசம் பாடம் எடுத்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் அந்த ரின் பையோடு கூடைக்குள் சாய்ந்து கிடந்தது. போக விடும்போது அதைப் பார்த்து அக்கறையாகச் சொன்னார்: "அந்தப் பையை ஒரு கயிற்றால் கட்டி வையுங்கள் அம்மா. விழுந்தால் யாருக்காவது காயம் வரும்."

வாத்துகளைப் பார்த்தபடி

அடுத்த வீட்டுக்கு இருபது நிமிசம் இருந்தது. பூங்காவில் குளத்தடி வாங்கில் இருந்து, பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு, பிஸ்கட் தின்போமே என்று ரின்னைத் திறந்தேன். பனல் துணியொன்றில் சுற்றிய கைத்துவக்கு. பழையது, எண்ணெய் போட்டுத் துடைத்தது. மேலே ஒரு கடதாசித் துண்டு: "சைக்கிளுக்கு. ஹரோல்ட்."

சண்டை நடந்த எங்கள் ஊர்ச் சனத்துக்குத் துவக்கு புதிதில்லை. ஒவ்வொரு பகுதியாரும் வந்து வந்து காட்டிவிட்டுப் போனவர்கள்தான். ஆனால் எந்தத் துவக்கும் என் கூடையில் ஏறிச் சவாரி செய்ததில்லை. குளத்துக்குள் எறியலாமா என்று நினைத்தேன். பிறகு ஒரு பிள்ளை கண்டெடுத்தால்? திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா? மறுபடியும் ஸ்டேசனடியால் போகவேண்டும். கொடுத்தாலும் நாளைக்கு இன்னொரு கெயரரின் பைக்குள் வைப்பார். பொலிஸுக்குப் போன் அடித்தேன். நான் ஒரு கெயரர், என் மடியில் ஒரு துவக்கு இருக்கிறது, அது என்னுடையதில்லை என்று சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண் அது எந்தப் பக்கம் பார்த்தபடி இருக்கிறது என்று கேட்டா. வாத்துகளைப் பார்த்தபடி என்றேன். அவ நிதானமாகச் சொன்னா: "அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழும்பித் தள்ளி நில்லுங்கள். வாத்துகள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும்."

மணி மட்டும்

பத்து நிமிசத்தில் துவக்கோடு நான்கு பொலிஸார். நான் நீல ஏப்ரனோடு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். துவக்கைத் திறந்து பார்த்தவர் உள்ளே குண்டு இருக்கிறது என்றார். ஸ்டேசனடிச் சனத்துக்கு நடுவே அதைத்தான் கொண்டு ஓடியிருக்கிறேன்.

"யாருடையது?" என்று மூத்தவர் கேட்டார். சொன்னால் என்ன நடக்கும் என்று நான் திருப்பிக் கேட்டேன். வைத்திருந்தவருக்கு வருடக்கணக்கில் சிறை கிடைக்கலாம், வயதைப் பார்ப்பார்களா என்பது தன் கையில் இல்லை என்றார். ஹரோல்டின் துண்டு என் பொக்கற்றுக்குள் இருந்தது. வாங்குக்குக் கீழே கிடந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிழவர் தப்பிவிடுவார். பொய் பிடிபட்டால் என் வேலை போகும். பிடிபடாவிட்டால், அவர் வீட்டில் இன்னும் எத்தனை ரின் இருக்கிறதோ யாருக்குத் தெரியும்? துண்டை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அழுதேன். என் மேல் உள்ள அன்பால் செய்த மனுசனை நானே பிடித்துக் கொடுக்கிறேனே என்றுதான்.

என்னையும் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்கள். ஹரோல்ட் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். எதையும் மறைக்கவில்லை. இரண்டாம் உலகச் சண்டையில் இத்தாலியில் எடுத்தது, அலுமாரியின் அடித்தட்டில் மிச்சக் குண்டுகள் இருக்கின்றன, பெட்டிக்குள் என்ன இருந்தது என்று இவளுக்குத் தெரியாது என்று வரிசையாகச் சொன்னார். ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு மூத்த பொலிஸ்காரரை நேரே பார்த்துச் சொன்னார்: "அவளுடைய சைக்கிளில் ஒரு மணி மட்டும்தான் இருக்கிறது, சார். மணியால் யாரைத் தடுக்க முடியும்?"

பரிசுப் படிவம்

அடுத்த நாளே எங்கள் வேலைக் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். விசாரணை முடியும்வரை ஹரோல்டின் வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்றார்கள். நான் மனேஜருக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். மனுசி தலையை ஆட்டி ஆட்டி எழுதினா. எழுதி முடித்து, மேசை லாச்சியைத் திறந்து ஒரு மஞ்சள் தாளை என் முன்னால் வைத்தா. வாடிக்கையாளர் எது தந்தாலும் அதில் எழுதவேண்டுமாம். பொருள், உத்தேசப் பெறுமதி, ஏன் மறுக்கவில்லை என்று மூன்று கட்டம். நான் தாளைப் பார்த்தேன், அவவைப் பார்த்தேன். பகிடி விடுகிறா என்றுதான் நினைத்தேன். பேனையையும் நீட்டிவிட்டுச் சொன்னா: "துவக்கு பொலிஸின் விசயம். பிஸ்கட் ரின் எங்களுடைய விசயம்."

யன்னலடி

மூன்று கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. வேறு ஒரு கெயரரை அனுப்பியிருந்தார்கள். அந்தப் பிள்ளை சொல்லித்தான் தெரியும், ஹரோல்ட் சவரம் செய்ய விடுகிறார் இல்லை, சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவிடுகிறார் என்று. மறியலுக்குப் போகும் முன்னமே மனுசன் போய்விடுவாரோ என்று பயந்தேன். பிறகு ஒரு காலை மனேஜர் தொலைபேசியில் அடித்தா. வயதையும், எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லி ஒப்படைத்ததையும் பார்த்து, வழக்கில்லாமல் எச்சரித்து விட்டுவிட்டார்களாம். அதோடு, சைக்கிள்காரி வராவிட்டால் கதவே திறக்கமாட்டேன் என்று கிழவர் கந்தோருக்கு மூன்று தரம் அடித்துவிட்டாராம்.

போனேன். தாடி முள்ளு முள்ளாக வளர்ந்திருந்தது. மெலிந்திருந்தார். நான்தான் உங்களைக் காட்டிக் கொடுத்தேன், மன்னியுங்கள் என்றேன். நீ பொய் சொல்லியிருந்தால்தான் உன்னை மன்னித்திருக்க மாட்டேன் என்றார். சவரம் செய்தேன், குளிப்பாட்டினேன், தேத்தண்ணி கொடுத்தேன். வெளிக்கிடும்போது என் பையைத் திறந்து இரண்டு பேருமாகப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. அப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உனக்குத் தர இனி என்னிடம் ஒன்றும் இல்லை. என் கதிரையை யன்னலடிக்கு இழுத்துவிட்டுப் போ, நீ மூலை திரும்பும்வரை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

ஆக, இந்த லண்டன் மாநகரத்தில் எனக்குக் கிடைத்த மெய்ப்பாதுகாவல் நாற்பது மீற்றர் தூரத்துக்குத்தான், அந்த மூலைக்கு அங்கால் நான்தான் என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.