காக்காய்க் கொடியும் குதிரைக் கொடியும்

ஜெர்மனி தேசத்தில் சைலீசியா என்று ஒரு மாகாணம் இருந்தது. வெஸ்ட்பாலியா என்று இன்னொன்றும் இருந்தது. அந்த நாட்டில் அவை இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் ஊரில் போட்டன. சைலீசியாவின் பக்கம் என் அப்பா நின்றார், வெஸ்ட்பாலியாவின் பக்கம் என் தாய்மாமன் நின்றார். நடுவில் அகப்பட்டுக்கொண்டவள் நான்.

எங்கள் ஊர் நாமக்கல்லுக்கு மேற்கே இருக்கிறது. ஜேடர்பாளையத்திலிருந்து வரும் வாய்க்கால் பாய்கிற இடத்தில் நெல்லும் கரும்பும், பாயாத மேட்டில் சோளமும் கடலையும். வாய்க்காலுக்கு மேற்கே மாமன் தோட்டம், கிழக்கே எங்கள் தோட்டம். நான் தொட்டிலில் கிடந்தபோதே மாமன் மகனுக்கு என்று பேசி வைத்துவிட்டார்கள். முறை இருந்தால் போதும், அதற்கு மேல் விசாரிக்க ஒன்றும் இல்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வளர்ந்த பிறகு பார்த்தால் எனக்கு அவரைப் பிடித்தும் இருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. கட்டிக்கொள்ளப் போகிறவரைப் பிடித்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்காத காலம் என்பதால் நான் அதை வெளியே சொல்லவில்லை.

முப்பதுகளின் கடைசியில் ஊருக்குப் பஞ்சாயத்து போர்டு எலெக்ஷன் வந்தது. ரோடு ஒன்று போடப்போகிறார்கள், அது வாய்க்காலுக்கு எந்தக் கரையில் போகும் என்பதை பிரசிடெண்டுதான் முடிவு பண்ணுவார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அப்பா நின்றார். அப்பா நின்றதால் மாமன் நின்றார். கட்சி கிட்சி எதுவும் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஆளுக்கு ஒரு நிறத்தில் பெட்டி வைத்தார்கள். அப்பாவுக்கு மஞ்சள் பெட்டி, மாமனுக்குச் சிவப்புப் பெட்டி. மூன்றாவதாக ஒரு தேங்காய் வியாபாரியும் நின்றார். அவருக்குப் பச்சை. அவரை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

"கூடப் பொறந்தவன் ஒரு பொட்டி, கட்டிக்கிட்டவரு ஒரு பொட்டி. நா எந்தப் பொட்டியில உழுந்து சாவறது?" என்று அம்மா அடுப்படியில் புலம்பினாள். அவளுக்கு ஓட்டுக் கிடையாது. கவலை மட்டும்தான் இருந்தது.

பெட்டியின் நிறத்தில் கொடி வேண்டும் என்று அப்பா சேலத்துக்குப் போனார். கடைவீதியில் அவருக்குத் தெரிந்த ஜவுளிக்காரர் ஒருவர் இருந்தார். முதல் உலகச் சண்டை நடந்த காலத்தில் மெட்ராஸில் இருந்த ஜெர்மன்காரர்களுடைய சாமான்களையெல்லாம் சர்க்கார் ஏலம் விட்டபோது, துணிமூட்டை என்று பிரித்துக்கூடப் பார்க்காமல் ஒன்றை எடுத்தவர் அவர். பிரித்தால் உள்ளே முழுக்கக் கொடிகள். அவர்கள் ராஜாவின் பிறந்தநாளுக்குத் தோரணம் கட்ட வைத்திருந்தவையாம், மாகாணத்துக்கு ஒரு தினுசு. ஒவ்வொன்றின் நடுவிலும் அந்த மாகாணத்துச் சின்னம். கம்பளித் துணி, வேட்டிக்கும் ஆகாது, சேலைக்கும் ஆகாது. இருபது வருஷத்துக்கு மேலாகக் கிடங்கில் கிடந்த மூட்டையை அவர் அப்பாவின் தலையில் கட்டுவதற்கு ஒரே ஒரு வார்த்தைதான் செலவழித்தார்.

"ஜெர்மன் சாயமுங்க."

இளம்பிள்ளைத் தறிக்காரர்கள் பக்கம் அந்தக் காலத்தில் இதற்கு மேல் ஒரு நற்சாட்சி கிடையாது. மழை பெய்தாலும் இறங்காது, வெயிலடித்தாலும் வெளுக்காது. மஞ்சளாக இருந்ததைப் பொறுக்கிக்கொண்டு அப்பா பஸ் ஏறினார். மறுநாள் அதே கடைக்கு மாமன் போனார். அவர் சிவப்பாக இருந்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

அப்பா கொண்டுவந்த கொடியை அம்மாவும் நானும் பிரித்துப் பார்த்தோம். வெள்ளை ஒரு பட்டை, மஞ்சள் ஒரு பட்டை, நடுவில் மஞ்சள் கேடயம். அதில் கன்னங்கரேலென்று ஒரு பறவை, சிறகை இரண்டு பக்கமும் விரித்து, காலை அகட்டி, நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. மார்பில் வெள்ளையாக ஒரு பிறை. பிறைக்கு நடுவில் ஒரு சிலுவை. அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, இது எந்தச் சாமியக் கும்புடற பறவைங்க?" என்றாள்.

"கருடன்," என்றார் அப்பா.

கருடன் கறுப்பாக இருக்காது என்பது நாமக்கல் மலைக்கோட்டைக்குக் கீழே இருக்கிற கோயிலுக்கு ஒரு தடவை போனவர்களுக்குக்கூடத் தெரியும். அதை அவரிடம் சொல்லத்தான் ஆள் இல்லை.

மாமன் சொன்னார். எங்கள் பக்கத்தில் சோளம் பால் பிடிக்கிற சமயத்தில் செத்த காக்காய் ஒன்றைச் சிறகை விரித்துக் கட்டிக் கம்பில் தொங்கவிடுவார்கள். மற்றக் காக்காய்கள் அதைப் பார்த்துக் கூச்சல் போட்டுவிட்டு அந்தக் காட்டுப் பக்கமே வராது. அப்பாவின் கொடி கம்பத்தில் ஏறிய அன்றைக்குச் சாயங்காலம் மாமன் வாய்க்கால் பாலத்தில் நாலு பேரை வைத்துக்கொண்டு, "எங்க மச்சான் ஒரு ஓட்டும் பக்கத்துல வந்தரக் கூடாதுன்னு காக்கா கட்டியுட்டிருக்காரு," என்றார்.

ராத்திரிக்குள் ஊர் முழுக்கச் சிரித்துவிட்டது. மஞ்சள் பெட்டி என்ற பேரே போய், காக்காய்ப் பெட்டி என்று ஆயிற்று. சனீஸ்வரன் வாகனத்துக்கு ஓட்டுப் போட்டால் ஏழரை வருஷத்துக்கு விடாது என்று சிலர் பயந்தார்கள். செத்துப்போன பெரியவர்களே கொடியில் வந்திருக்கிறார்கள், போடாமல் இருந்தால் தோஷம் என்று சிலர் பயந்தார்கள். இரண்டாவது கட்சியை அப்பா ரகசியமாக ஊக்குவித்தார் என்றுதான் நினைக்கிறேன். அந்த அமாவாசைக்கு அவர் காக்காய்க்குச் சோறு வைத்த ஆர்ப்பாட்டத்தைப் பார்த்துவிட்டு அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மாமனுடைய கொடியில் சிவப்புக் கேடயமும், அதில் முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு நிற்கிற வெள்ளைக் குதிரையும். பார்க்க லட்சணமாகவே இருந்தது. காவல் தெய்வத்தின் குதிரை என்று அந்தப் பக்கத்து ஆட்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்பா சும்மா இருப்பாரா? "மேல ஆளில்லையே, பாத்தீங்களா? ஏறுனவனத் தள்ளியுட்டுட்டு ஓடற குதிரை அது," என்று சந்தையில் சொல்லிவிட்டு வந்தார். மாமன் அதற்கு முந்தின மாசம்தான் மொட்டை வண்டியிலிருந்து விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அதனால் அந்தப் பேச்சு குத்த வேண்டிய இடத்தில் குத்தியது.

குதிரைக் கொடியைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் எங்கள் வாசல் வழியாகப் போனபோது முன்னால் கொடியோடு வந்தவர் மாமன் மகன். நான் கதவிடுக்கில் நின்றேன். எங்கள் வீட்டைத் தாண்டும்வரை கொடியைத் தாழ்த்திச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனார். கை வலித்துவிட்டது போலிருக்கிறது என்று ஊர்வலத்தில் வந்தவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எலெக்ஷனில் தேங்காய் வியாபாரி ஜெயித்தார். அவர் கொடியே வாங்கவில்லை. வண்டிகளில் வேப்பங்கொத்துக் கட்டி அனுப்பியிருந்தார். ரோடு எந்தக் கரையிலும் போடப்படவில்லை.

அதோடு போயிருக்க வேண்டியதுதான். தோற்றவர்கள் இரண்டு பேரும் கொடியை இறக்கவில்லை. முதலில் இறக்குகிறவன் தோற்றவன் என்று எப்படியோ ஆகிவிட்டது. எங்கள் களத்துமேட்டில் காக்காய், அவர்கள் தோட்டத்துக் குடிசையான சாளையில் குதிரை. ஜெர்மன் சாயம் வேறு, சனியன் வெளுக்கவும் இல்லை. "காக்கா ஊட்டுல எம் பையன் பொண்ணெடுக்க மாட்டான்," என்று மாமன் சொல்லி அனுப்பினார். "குதிரை ஊட்டுக்கு எம் பொண்ணு வாழப் போவாது," என்று அப்பா பதில் அனுப்பினார். எங்கள் கூட்டத்துக்கு ஒரு பேரும் குலதெய்வமும் காணியும் உண்டு, அவர்கள் கூட்டத்துக்கும் உண்டு. வழிவழியாக வந்த அதெல்லாம் போய், ஜெர்மன்காரன் போட்டுவிட்டுப் போன கம்பளித் துணிதான் குலப்பெருமை என்று ஆயிற்று.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. அம்மாவுக்கும் பிறந்த வீடு இல்லையென்று ஆயிற்று. அப்பா எனக்கு ராசிபுரம் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து முடித்துவிட்டார். மாட்டுப்பொங்கல் கழிந்ததும் நிச்சயம் பண்ண வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நல்ல குடும்பமாம், கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்குமாம். அந்தக் கிணற்றைப் பற்றி அப்பா சொல்லச் சொல்ல எனக்கு அதிலேயே விழுந்துவிடலாம் போலிருந்தது.

இதற்குள் ஜெர்மனியோடு மறுபடியும் சண்டை மூண்டுவிட்டது. அப்பாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. சர்க்காருக்கு விரோதி நாட்டுக் கொடியை இன்னார் தன் தோட்டத்துச் சாளையில் ஏற்றியிருக்கிறார், ஆகாய விமானத்துக்கு அடையாளம் காட்டுகிறார் என்று நாமக்கல்லில் ஒருவரைப் பிடித்து மொட்டைப் பெட்டிஷன் எழுதிப் போட்டார். அதே வாரம் மாமனும் ஒன்று போட்டார். இரண்டும் ஒரே மூட்டையில் வந்தவை என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் அப்பாவின் மனசில் காக்காய் கருடனாகிவிட்டது, குதிரை மட்டும்தான் ஜெர்மன். மாமன் மனசில் குதிரை காவல் தெய்வத்தினுடையது, காக்காய் மட்டும்தான் ஜெர்மன்.

சர்க்காருக்கு அந்தக் குழப்பம் இல்லை. போலீஸ் வந்து இரண்டையும் இறக்கி மடித்து எடுத்துக்கொண்டு, இரண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றி நாமக்கல்லுக்குக் கொண்டுபோனது. யுத்தகாலத்துச் சட்டம், உள்ளே போட்டால் எப்போது விடுவார்கள் என்று கிடையாது என்று வாசலில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அம்மா புருஷனுக்காகவும் தம்பிக்காகவும் ஒரே அழுகையாக அழுதாள். நானும் அழுதேன். என் அழுகையில் அப்பாவுக்கு எவ்வளவு, மாமன் வீட்டுக்கு எவ்வளவு என்று என்னாலேயே பிரிக்க முடியவில்லை.

பொழுது இறங்குகிற நேரத்துக்கு இரண்டு பேரும் நடந்தே வந்து சேர்ந்தார்கள். மாமன் பாலத்தோடு பிரிந்துவிட்டார். அப்பா கை கால் கழுவிவிட்டு, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, ஆபீசில் நடந்ததை அம்மாவிடம் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

விசாரித்த ஆபீசர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரராம், சின்ன வயசு. மேஜையில் தடியான இங்கிலீஷ் புஸ்தகம் ஒன்று. அதில் ஒரு பக்கம் முழுக்க ஜெர்மனியின் கொடிகளும் சின்னங்களும் கலரில் போட்டிருந்தனவாம். "இது சைலீசியா. இது வெஸ்ட்பாலியா. ஒன்று அந்த நாட்டுக்குக் கிழக்கே இருக்கிறது, மற்றது மேற்கே," என்று விரலை வைத்துக் காட்டினாராம்.

"செரியாத்தாங்க இருக்குது. நா வாய்க்காலுக்குக் கெழக்கால, மாப்ள மேக்கால," என்று அப்பா மாமனைக் காட்டிச் சொன்னாராம். ஆபீசர் அதற்குச் சிரிக்கவில்லையாம். சட்டைப் பையில் வைத்திருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாராம்.

பிற்காலத்தில் நானும் ஒரு பள்ளிக்கூடத்து வரைபடத்தில் சைலீசியாவைத் தேடிப் பார்த்தேன். சண்டை முடிந்து எல்லைக்கோட்டை மாற்றியபோது அந்தச் சீமையில் பெரும்பகுதி வேறு தேசத்தோடு போய்விட்டது என்றார்கள். வெஸ்ட்பாலியாவை இன்னொரு சீமையோடு சேர்த்துவிட்டார்களாம், ஆனால் புதுச் சின்னத்திலும் ஓரமாக அந்தக் குதிரை நிற்கிறதாம். அப்பா உயிரோடு இருந்திருந்தால் அதை மட்டும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆபீசர் கேட்டது ஒன்றுதான். இது எலெக்ஷன் கொடிதான் என்பதற்குச் சாட்சி யார்? சொந்தக் கட்சி ஆள் சொன்னால் எடுபடாது. எதிர்க்கட்சி ஆள் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு எதிர்க்கட்சி என்று ஒருவர்தான் இருந்தார், பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாமனுக்கும் அப்படியே. ஆளுக்காள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்களாம். பிறகு மாமன்தான் முதலில் வாயைத் திறந்தாராம்.

"மச்சான் கொடி எலெச்சன் கொடிதானுங்க. நாந்தான் அதக் காக்கான்னு சொல்லி ஓட்டக் கெடுத்தேன்."

"மாப்ள கொடியும் அப்படித்தானுங்க," என்றாராம் அப்பா.

ஆபீசர் பெட்டிஷனைப் புரட்டினாராம். "நீங்கள் இரண்டு பேரும் இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று இதில் எழுதியிருக்கிறதே. பேசாதவன் மனசில் இருப்பது உமக்கு எப்படித் தெரியும்? எதை நம்பி ஒருத்தருக்கொருத்தர் ஜாமீன் நிற்கிறீர்கள்?"

அப்படி எழுதியது யார் என்பது அங்கே நின்ற இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். மாமன், "பேச்சு வார்த்த இல்லாமங்களா? அவரு பொண்ண எம் பையனுக்குப் பேசி முடிச்சிருக்கறமுங்க. நாங்க சம்பந்திங்க," என்றாராம்.

"எப்போது கல்யாணம்?"

"தையிலங்க," என்று அப்பாவும், "மாசியிலங்க," என்று மாமனும் சேர்ந்தாற்போல் சொன்னார்களாம். ஆபீசர் நிமிர்ந்து பார்த்தாராம். "தை கடசி, மாசி மொதலுங்க," என்று அப்பா ஒட்டுப்போட்டாராம். குமாஸ்தா அதை எழுதிக்கொண்டார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"சர்க்காருல எழுதியாச்சு. இனி மாத்துனா பொய்ச்சாட்சின்னு உள்ள தூக்கிப் போட்டுருவான்," என்றார் அப்பா, சோற்றைப் பிசைந்துகொண்டே. "ராசிபுரத்துக்காரங்களுக்கு நாளைக்கு ஆளனுப்பிச் சொல்லியுடோணும்."

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை. அதைச் சொல்ல எனக்கு இப்போது என்ன வெட்கம்?

"அப்பறம் ஒண்ணு கேட்டாரு பாரு அந்த ஆபீசர்," என்று அப்பா சிரிக்க ஆரம்பித்தார். "பேனாவக் கீழ வெச்சுட்டு, 'பொண்ணுக்குச் சம்மதமா?'ங்கறாரு. படிச்ச மனுசன், பாவம், கலியாண ஊட்டுல எதக் கேக்கறது எதக் கேக்கக் கூடாதுன்னு தெரியல. நாங்க ரெண்டு பேரும் ஒரே வாயாச் சொன்னோம், 'சம்மதமுங்க'ன்னு."

அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பிறந்ததிலிருந்து அந்தக் கேள்வியை என்னைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. கேட்ட அந்த ஒருவரை நான் பார்த்ததுகூட இல்லை. கல்யாணத்தைப் பற்றி அப்பாவும் மாமனும் அன்றைக்கு ஆபீசில் சத்தியம் பண்ணிச் சொன்னதில் அந்தச் 'சம்மதம்' ஒன்றுதான் நிஜம். அது நிஜம் என்பது மட்டும் அவர்கள் இரண்டு பேருக்கும் கடைசிவரை தெரியாது.