இருபத்திரண்டு வில்லைகள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நேரங்களை மட்டும் சந்தேகப்படாதீர்கள். அன்றிரவு என் கைக்கடிகாரம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து நாள் மலைப்பாதை அது. வழியில் நான்கு லாட்ஜுகள். நானும் என் தங்கையின் கணவரும் போயிருந்தோம். நான் அவரை மாப்ளே என்பேன். அவர் என்னை மச்சான் என்பார். கிளம்பும்போது தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அண்ணா, கூட்டிட்டுப் போன மாதிரியே கொண்டாந்து விடணும். சேதாரம் இருந்தா நான் வாங்கிக்க மாட்டேன்."

அந்தப் பாதையில் ஒரு நடைமுறை உண்டு. காலையில் ஆளுக்கொரு பித்தளை வில்லை தருவார்கள், எண் போட்டது. மாலையில் அடுத்த லாட்ஜை அடைந்ததும் அதை அங்குள்ள பலகையில் மாட்ட வேண்டும். எல்லா வில்லையும் வந்து சேரும்வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிப்பார்கள். மூடுபனியில் பின்தங்கியவர்களுக்கு அந்தச் சத்தம்தான் வழி. பலகை நிறைந்தால் மணி நிற்கும். கதவுக்குத் தாழ் போட்டுவிடுவார்கள்.

மாப்பிள்ளை எதையும் தொலைப்பவர். முதல் நாளே ஒரு கையுறையைத் தொலைத்தார். அதனால் அவருடைய வில்லையும் என் பையில்தான் இருந்தது.

மூன்றாம் நாள் கணவாயைத் தாண்ட வேண்டும். இறக்கத்தில் அவருக்கு இடது முழங்கால் பிடித்துக்கொண்டது. லாட்ஜின் கூரை கீழே தெரிந்தது.

"நீங்க முன்னால போய்க் கீழ்க்கட்டிலைப் பிடிங்க. இந்தக் காலை வச்சுக்கிட்டு மேல ஏற முடியாது."

"ஒண்ணாவே போயிடலாம், மாப்ளே."

"நீங்க பக்கத்துல நின்னு மூச்சு வாங்கறதைக் கேட்டாத்தான் எனக்குக் கால் வலிக்குது. போங்க."

5.40க்கு லாட்ஜை அடைந்தேன். பலகையில் இரண்டு கொக்கிகள் காலியாக இருந்தன. இரண்டு வில்லைகளையும் ஒன்றாக எடுத்தேன். ஒன்றாக மாட்டினேன். யோசிக்கவே இல்லை. கீழ்க்கட்டிலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி அடியில் தள்ளியவன், அப்படியே சாய்ந்துவிட்டேன்.

விழித்தபோது மணி 8.25. விளக்குகள் அணைந்திருந்தன. வெளியே பனிப்புயல். மணியோசை இல்லை.

ஏன் இல்லை என்பது புரிந்ததும் எழுந்து உட்கார்ந்தேன்.

தலைக்கு மேல் கட்டில் கிரீச்சிட்டது. யாரோ புரண்டு படுத்தார்கள்.

"மாப்ளே?"

"ம்."

"எப்ப வந்தீங்க? எழுப்பியிருக்கலாம்ல?"

"தூங்குங்க மச்சான்."

அவர் குரல்தான். உயிர் வந்தது எனக்கு. படுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை.

அந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படி மேலே ஏறினார்?

கட்டிலுக்கடியில் டார்ச் அடித்தேன். ஒரு ஜோடி ஷூதான் இருந்தது. என்னுடையது.

சொட்...

மேலிருந்து ஒரு துளி விழுந்தது. புறங்கையால் துடைத்தேன். பனிக்கட்டி உருகிய நீர். எண்ணத் தொடங்கினேன். பதினோரு நொடிக்கு ஒரு துளி. கூடத்தில் எல்லோரும் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. மேலே மட்டும் கேட்கவில்லை.

11.10. கதவு தட்டப்பட்டது.

டொக்... டொக்... டொக்.

யாரும் அசையவில்லை. லாட்ஜ்கார அம்மாவின் அறைக்கு ஓடினேன். அவர் கதவைத் திறக்காமலே பேசினார்.

"வெளியில யாரோ தட்டுறாங்க."

"பலகை நிறைஞ்சிருக்கா?"

"நிறைஞ்சிருக்கு."

"எத்தனை வில்லை?"

"இருபத்திரண்டு."

"அப்ப ஆள் கிடையாது, காத்து. போய்ப் படுங்க."

இரண்டையும் மாட்டியது நான்தான் என்று அப்போது சொல்லியிருக்கலாம்.

வாசல் கதவருகே போய் நின்றேன்.

"மச்சான்..." வெளியிலிருந்து. "திறங்க. கை விறைச்சுப்போச்சு."

அதே குரல்.

தாழில் கை வைத்தேன்.

"திறக்காதீங்க."

இது எனக்குப் பின்னாலிருந்து வந்தது. இருட்டில், மேல்கட்டில் இருந்த திசையிலிருந்து. இதுவும் அதே குரல்.

முன்னால் கதவு. பின்னால் இருட்டு. எந்தப் பக்கமும் நகர முடியவில்லை. டார்ச்சைத் திருப்பத் துணிவில்லை.

"உங்களை நம்பித்தானே அவ என்னை அனுப்பினா, மச்சான்..."

"அது நான் இல்ல."

டொக்... டொக்.

"மச்சான்..."

"அது நான் இல்ல, மச்சான்."

டொக்...

11.32. தட்டுவது நின்றது. கதவின் அடிப்பக்கத்தை நகத்தால் பிறாண்டும் சத்தம் மட்டும்...

உள்ளே இருப்பவர் எப்படியும் பிழைத்துவிடுவார். வெளியே இருப்பவர் பிழைக்க மாட்டார். வேறெதையும் யோசிக்க முடியவில்லை.

தாழை இழுத்தேன்.

மாப்பிள்ளை உள்ளே விழுந்தார். முடியெல்லாம் பனி. என் கையைப் பற்றி எழுந்தார். அவர் உள்ளங்கை கதகதப்பாக இருந்தது. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேல்கட்டிலில் டார்ச் அடித்தேன். யாருமில்லை. மெத்தை முழுக்க நனைந்திருந்தது.

மீதி இரண்டு நாளும் அவர் எனக்கு முன்னால் நடந்தார். ஒருமுறைகூட உட்காரவில்லை. கொண்டுபோய்த் தங்கையிடம் விட்டேன்.

நான்கு மாதம் கழித்து அந்த ஊர்க் காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. பனி உருகியதில் ஓர் உடல் கிடைத்திருக்கிறது. ஆணின் உடல். லாட்ஜிலிருந்து நானூறு மீட்டர் தூரத்தில், பாறைக்கு அடியில். முகம் இல்லை. இடது தோள் எலும்பில் ஓர் உலோகத் தகடு, எண்ணோடு. அதை வைத்து மருத்துவமனையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அங்கே மாப்பிள்ளையின் பெயரும், அதன் கீழ் என் போன் எண்ணும் இருந்திருக்கின்றன. ஆறு வருடத்துக்கு முன் அந்த ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டவன் நான்.

"உங்க மாப்பிள்ளை வீட்டுல இருக்காரா சார்?"

"இருக்கார்."

"நேர்ல பாத்தீங்களா?"

"ஞாயித்துக்கிழமை பாத்தேன்."

"அப்ப ஆஸ்பத்திரிலதான் எண்ணை மாத்தி எழுதியிருப்பாங்க. தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க."

தங்கையிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு இது மூன்றாம் மாதம்.

நேற்று இரவு 9.15க்கு அவளே கூப்பிட்டாள். சிரித்துக்கொண்டே பேசினாள்.

"மலைக்குப் போயிட்டு வந்ததுல இருந்து இவருக்குக் குறட்டையே இல்லண்ணா. அவ்வளவு அமைதி. சில நாள் மூச்சு இருக்கான்னு நான் எழுந்து பாக்கறேன்னா பாத்துக்கோங்க."

"இருக்கா?" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. அந்தப் பக்கம் போன் கைமாறும் சத்தம் கேட்டது.

"மச்சான்... அவளை ஏன் பயமுறுத்தறீங்க?"