பெரிய சீட்டு கையில் இருக்கும்போது

சீட்டை மறைக்கிறேன் என்று அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் குடிக்க எழுந்தபோது, வியர்வையில் தொடையோடு ஒட்டிக்கொண்டு வந்து மகள் முன்னால் விழுந்தது. கவிழ்ந்து கிடந்ததை அப்படியே எடுத்துக் கொடுத்தாள். "நான் பாக்கலீங்கப்பா."

பெங்களூரில் வேலை பார்ப்பவள் லீவுக்குக் கொண்டுவந்த விளையாட்டு. மரம், செங்கல், கோதுமை என்று சீட்டுகளை மாற்றி மாற்றி வீடும் ரோடும் கட்ட வேண்டும். நான் மறைத்தது பெரிய சீட்டு. அதை இறக்கி ஒரு பொருளின் பெயரைச் சொன்னால், எதிராளி தன்னிடம் உள்ள அந்தப் பொருள் முழுவதையும் கொடுத்தாக வேண்டும். அவளிடம் செங்கல் சேரட்டும் என்று மதியம் முழுக்கப் பொறுத்திருந்தேன்.

கரண்ட் போய் ஃபேன் நின்றது. ஓயாமல் தென்னையை ஆட்டும் எங்கள் கோபாலபுரத்துக் காற்றும் நின்றுபோனது. இதுதான் நேரம் என்று சீட்டில் கை வைத்தேன். வாயைக்கூடத் திறக்கவில்லை.

அவள் தலை நிமிராமல் தன் செங்கல் அத்தனையையும் என் பக்கம் நகர்த்தினாள்.

சீட்டிலிருந்து கையை எடுத்தேன். "எப்படிக் கண்ணு தெரிஞ்சுது?"

"மத்தியானம் பூரா என் செங்கலையே பாத்துட்டிருந்தீங்க. எதையாச்சும் வெச்சுட்டு நேரம் பாத்துட்டிருந்தா நீங்க கால் ஆட்ட மாட்டீங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நேத்துக் காலைல இருந்தே நீங்க கால் ஆட்டலீங்கப்பா. என்னங்க விசயம்?"

உடனே ஆட்டிப் பார்த்தேன். வேறு யாருடைய காலோ போல இருந்தது.

அவள் முகநூல் பக்கம் வருவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். பெண்ணைப் பெற்றவர்கள் சொல்லுங்கள், உங்கள் வீட்டிலும் இப்படித்தானா? ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள், வரச் சொன்னதே நான்தான் என்பதை மட்டும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.