முதுகுக்குப் பின்னால் ஓடிய படம்

அவருக்கு ரேடியேட்டர் என்று பெயர் வைத்தது யாரென்று பஸ் நிலையத்தில் யாருக்கும் நினைவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சீக்கிரம் சூடாகிவிடுவார். மூடியைத் திறக்கப் போனவன் கை வெந்துபோகும். ஆறுவதற்கும் வெகுநேரம் பிடிக்கும். வண்டி நிற்பதற்கு முன்பே எழுந்து பையை இறக்கும் பயணி மேல் கோபம். கையைக் காட்டாமல் திரும்பும் ஸ்கூட்டர்காரர் மேல் கோபம். டீ ஆறிப்போயிருந்தால் கடைக்காரர் மேல் கோபம், கொதிக்கக் கொதிக்க வந்தால் குடிக்க நேரமில்லையே என்று டீயின் மேல் கோபம்.

ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் வேறு ஆள். வாய் திட்டிக்கொண்டிருக்கும், கால் பூப்போல பிரேக்கை மிதிக்கும். தூங்குகிற குழந்தை விழிக்காமல் வளைவுகளைத் தாண்டுவார். தனியார் கம்பெனியின் பகல் நேர பஸ் அது. காலையில் ஓர் ஊரில் கிளம்பி மதியம் இன்னோர் ஊரில் சேரும், சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்.

அந்த பஸ்ஸில் பெரும்பாலும் ஒரே படம்தான் ஓடும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், தடுப்பின் உச்சியில், பயணிகளைப் பார்த்தபடி டிவி இருந்தது. டிஸ்க் போடும் பெட்டி மட்டும் அவருடைய இடது கைக்குப் பக்கத்தில். கண்டக்டர் கூட அதைத் தொடக் கூடாது. உறைக்குள் வேறு படங்களும் கிடந்தன. சண்டைப் படம், சிரிப்புப் படம், முதலாளியின் தம்பி கொடுத்த பேய்ப் படம். அவர் கை தானாக அந்த ஒரு டிஸ்க்கைத்தான் எடுக்கும். ஊரைத் தாண்டியதும் போடுவார். எதிர் ஊரின் வெளிவட்டச் சாலையைத் தொடும்போது அது முடியும்.

“அண்ணே, போன வாரமும் இதே படம்தாண்ணே” என்று யாராவது முனகுவார்கள்.

“போன வாரமும் இதே ரோட்டுலதான வந்தீங்க? ரோட்ட மாத்தவா?”

அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

நல்ல படம் என்பது திரும்பத் திரும்பப் பார்த்தாலும் சலிக்காதது என்பது அவர் கட்சி. ஒரு தடவை பார்த்து முடிந்துபோகிற படத்தை அவர் மதிக்கமாட்டார். டீக்கடையில் இதைப் பற்றி நீண்ட நேரம் சண்டை போடுவார். எதிராளி களைத்துப்போய், சரி உன் படம்தான் படம் என்று எழுந்து போகும்வரை விடமாட்டார்.

இத்தனைக்கும் அந்தப் படத்தை அவர் பார்த்ததே இல்லை.

அது அவருக்கே தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். “நான் பாக்காத தடவையா” என்றுதான் எப்போதும் பேசுவார். கண் ரோட்டில் இருக்கும், காது பின்னால் இருக்கும். மேலே இருக்கும் பெரிய கண்ணாடியில் பயணிகளின் முகங்கள் தெரியும். எந்த வசனத்துக்கு எந்த முகம் சுருங்கும், எங்கே முந்தானை கண்ணுக்குப் போகும், எங்கே ஆண்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். படத்தை அவர் பிறர் முகத்தில் பார்த்தார். அதையே பார்த்தது என்று நினைத்துக்கொண்டார்.

கதை எளிமையானது. மாவு மில் நடத்தும் ஒருவர். ஒரே மகள். அவள் தன் விருப்பப்படி ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறாள். அதன் பிறகு பாதிப் படம் முழுக்க அந்த மனிதர் தனியாகக் கிடக்கிறார், மில் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நண்பர் வந்து எவ்வளவோ சொல்லிப் பார்க்கிறார். “அவ வரட்டும்” என்கிறார் அப்பா. பிறகு பேச்சே கிடையாது. மழை பெய்கிறது. ஈரத்தில் காலடிச் சத்தம். கதவைத் தட்டும் சத்தம். கதவு திறக்கிறது. யாரும் எதுவும் பேசுவதில்லை. ஒரு வயலின் மட்டும். கதவு மூடிக்கொள்கிறது. கண்ணாடியில் வண்டி முழுக்க ஈரக் கண்கள்.

மகள் வந்துவிட்டாள், அப்பா சேர்த்துக்கொண்டுவிட்டார். அவருக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை.

அவருக்கும் ஒரே மகள். அவளும் அப்படியே போனாள். செல்போன் டவர்களில் ஏறி வேலை பார்க்கும் ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவன் மேல் அவருக்குக் கோபம் இல்லை. நல்ல உயரத்தில் பயப்படாமல் நிற்கிறவன் என்று ஒரு மரியாதை கூட உண்டு. அவர் கோபம் வேறு. மகள் அம்மாவிடம் சொன்னாள், அம்மாவின் தங்கையிடம் சொன்னாள், கண்டக்டரிடம் கூடச் சொன்னாள். எல்லோருக்கும் தெரிந்து, கையெழுத்தும் போட்ட பிறகு, கடைசியாக அவருக்குச் சொன்னார்கள்.

“யார்கிட்டக் கேட்டுப் பண்ணுனியோ அவங்க வீட்டுலயே போய் இரு. இங்க வராத” என்றார்.

சொன்ன கையோடு மறந்தும் போனார். கோபத்தில் வரும் சொல் ஆவி மாதிரி, வந்தால் போய்விடும் என்பது அவர் எண்ணம். மகள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வராதே என்றார், அவள் வரவில்லை.

கொடுமை என்னவென்றால் அவள் குடியிருந்தது அவருடைய ரூட்டிலேயே. எதிர் ஊரின் வெளிவட்டச் சாலையிலிருந்து உள்ளே திரும்பியதும் ஒரு சலவைக் கடை, அதை ஒட்டி ஒரு சந்து. சந்தில் மூன்றாவது வீடு. ஓட்டுநர் இருக்கையிலிருந்து கதவு தெரியும். கொடியில் காயும் சேலையைக் கூட அவருக்கு அடையாளம் தெரியும். அந்த இடம் வந்தால் முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

இப்போது மருமகனுக்கு வேறு தேசத்தில் வேலை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை விமானம். எப்போது திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. மனைவி அந்த வாரம் முழுக்க அவர் பின்னாலேயே நடந்தாள். ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாங்க, வாய்கூடத் திறக்க வேண்டாம், போய் நின்றால் போதும் என்று கெஞ்சினாள்.

“வரட்டும். வந்து தட்டட்டும். ஒரு வார்த்தை கேக்க மாட்டேன், திறந்து விட்டுருவேன். படத்துல அந்த மனுசன் கேட்டாரா?”

மனைவிக்கு பஸ்ஸில் ஏறினாலே வாந்தி வரும். டிரைவர் பொண்டாட்டிக்கே இப்படியா என்று ஊரே கேலி பேசும். அவள் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. எந்த மனுசன், என்ன கேட்கவில்லை என்று அவளுக்கு விளங்கவில்லை. சோற்றுத் தட்டை டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை மதியம், வெளிவட்டச் சாலை வருவதற்குச் சற்று முன்னால், இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டினார். ஃபேன் பெல்ட் அறுந்த சத்தம் கேட்டிருந்தது.

“இன்னைக்கு ரெண்டு ரேடியேட்டரும் சூடாயிருச்சு” என்று கண்டக்டர் முன்சீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. பெல்ட் செய்த கம்பெனி, அதை வாங்கிக் கொடுத்த முதலாளி, சிரித்த முன்சீட்டுக்காரர் என்று மூவரையும் ஒரே மூச்சில் திட்டிவிட்டு இறங்கி இன்ஜினைத் திறந்தார். கிரீஸும் கரியும் முழங்கைவரை ஏறின. மாற்று பெல்ட் கடைசி சீட்டுக்கு அடியில் சாக்கில் இருந்தது. அதை எடுக்க உள்ளே ஏறிப் பின்னால் போனார். எடுத்துக்கொண்டு முன்பக்கம் திரும்பினார்.

டிவி ஓடிக்கொண்டிருந்தது.

படத்து அப்பாவின் குரலுக்கு அவர் மனதில் ஓர் உடம்பு இருந்தது. பெரிய மீசை, அகன்ற தோள். திரையில் நின்றதோ ஒடிசலான, குள்ளமான, நரைத்த மனிதர். கையில் குடை, தோளில் பை. மழையில் நடந்து போகிறார். அவருக்குப் பழகிய தெரு மாதிரி இல்லை. ஒரு கதவின் முன்னால் போய் நிற்கிறார். தட்டுவதா வேண்டாமா என்று கை மேலே போய்க் கீழே இறங்குகிறது. அப்புறம் தட்டுகிறார். அவர்தான் தட்டுகிறார். கதவைத் திறந்தது மகள்.

பெல்ட்டும் கையுமாக வழியில் நின்றுவிட்டார். வயலின் கேட்டது. கதவு மூடிக்கொண்டது. பயணிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய முதுகுதான் அவருக்குத் தெரிந்தது.

“அது யாரு வீடு?” என்றார் கண்டக்டரிடம்.

“எதுண்ணே?”

“அந்தக் கதவு.”

“பொண்ணு வீடுண்ணே. அப்பா தேடிப் போறாரு இல்ல.”

“எப்பலேர்ந்து?”

கண்டக்டர் விழித்தார். “எப்பவுமே அப்படித்தாண்ணே.”

கீழே இறங்கி பெல்ட்டை மாட்டினார். நட்டை முறுக்கிய முறுக்கில் யாரோ ஒருவருடைய கழுத்து இருந்தது. படம் எடுத்தவனைத்தான் முதலில் பிடித்தார். அத்தனை நேரம் வசனம் பேச வைத்தவன், முக்கியமான இடத்தில் ஒரு வார்த்தை பேச வைக்கக் கூடாதா, எல்லாருமா படத்தைப் பார்க்கிறார்கள், கேட்கிறவனும் இருக்கிறான் என்று யோசிக்க வேண்டாமா என்று இன்ஜினிடம் கத்தினார். பிறகு கண்டக்டர் பக்கம் திரும்பினார். டீக்கடையில் நான் இந்தக் கதையை எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், பொண்ணு வந்து தட்டுகிறாள் என்றபோதெல்லாம் பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்தாயே, ஒரு வார்த்தை சொன்னாயா என்று கேட்டார்.

கண்டக்டர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் அழுக்கே இல்லை.

“உங்ககிட்ட யாராலண்ணே எதையாவது சொல்ல முடியும்?”

அவர் இன்ஜின் மூடியைச் சாத்தினார். ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார்.

வண்டி உள்ளே திரும்பியது. சலவைக் கடை வந்தது. முகம் வலப்பக்கம் திரும்பவில்லை. நிறுத்தமே இல்லாத அந்த இடத்தில் வண்டி நின்றது. இன்ஜினை அணைக்காமல், கைபிரேக்கைப் போட்டுவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இறங்கிச் சந்துக்குள் போனார். பயணிகள் எல்லாம் ஒரு பக்கமாக நகர்ந்ததில் பஸ் லேசாகச் சாய்ந்தது.

விரலால் தட்டுவது அவருக்கு வராது. பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டுவது மாதிரி உள்ளங்கையால் படபடவென்று அடித்தார்.

“யாருடா அது கதவ உடைக்கிறது?” உள்ளேயிருந்து மகளின் குரல்.

“நான்தான்.”

கதவு திறந்தது. கையில் பேக்கிங் டேப், பின்னால் கட்டி வைத்த அட்டைப் பெட்டிகள், அவற்றுக்குப் பின்னால் மருமகன். அவர் வாயைத் திறக்காமல்தான் நிற்க நினைத்தார். முடியவில்லை.

“போற விஷயத்தையும் கடைசியாத்தான் சொல்லுவியா?”

“வராதன்னது யாரு? நீங்கதான?”

“கோவத்துல சொன்னதெல்லாம் ஒரு சொல்லா?”

“எனக்கு எப்படித் தெரியும்? கோவம் இல்லாம நீங்க எப்பப் பேசியிருக்கீங்க?” மகளின் குரல் அப்பாவின் குரலைத் தாண்டி உயர்ந்தது. “தினமும் இந்த வழியாப் போறீங்க. தினமும் அந்தப் படத்தப் போடுறீங்க. கடைசில அந்த அப்பா என்ன பண்றாருன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே போட்டு, தெரிஞ்சே என் வாசலத் தாண்டிப் போயிருக்கீங்க. எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்கணும். நான் இங்க நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“நான் பாத்ததில்ல.”

“என்னயவா?”

“படத்த.”

“பொய் சொல்லாதீங்க. நான் சின்னப் பிள்ளையா உங்க வண்டில வந்தப்பவே அதுதான் ஓடுச்சு.”

“எனக்குப் பின்னாடில்ல ஓடுச்சு. நான் ரோட்டப் பாத்துக்கிட்டிருந்தேன்.” “அந்தப் பொண்ணு வந்து தட்டுறான்னுதான் நெனச்சேன். நீயும் வருவேன்னு இருந்தேன். இன்னைக்குத்தான் பாத்தேன்.”

மகள் சிரிக்கவில்லை. கோபம் போய்விடவும் இல்லை. இத்தனை நாள் அதைச் சாய்த்து வைத்திருந்த சுவரைத் திடீரென்று யாரோ எடுத்துவிட்ட மாதிரி நின்றாள். தான் ஏன் வரவில்லை என்று அம்மாவிடம் ஒரு தடவை கேட்டிருக்கலாமே, தன்னிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்று அதற்கும் சண்டைக்கு வந்தாள். பாதியிலேயே குரல் உடைந்தது. கையிலிருந்த டேப்பைப் பிய்த்துப் பிய்த்துக் கசக்கினாள்.

பஸ்ஸிலிருந்து ஹாரன் நீளமாக அலறியது. பயணி யாரோ பொறுமை இழந்து அவர் சீட்டில் ஏறிவிட்டார்.

“என் சீட்டுல எவன்டா உக்காந்தது? எடுறா கைய” என்று சந்தே அதிரக் கத்தினார். ஹாரன் நின்றது. திரும்பி மகளிடம், வண்டியில் ஜனம் இருக்கிறது, போக வேண்டும் என்றார்.

மகள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிர் மஞ்சள் பெயிண்ட்டில் கருகருவென்று இரண்டு உள்ளங்கை அச்சுகள், விரல் விரலாக.

“நாளைக்கு வீட்ட ஒப்படைக்கணும். இத யாரு துடைக்கிறது?”

“டிரிப்ப முடிச்சுட்டு வந்து நானே துடைக்கிறேன். யாரும் தொட வேணாம்.”

திரும்பும் டிரிப்பை வேறு டிரைவர் தலையில் கட்டினார். முதலாளியிடம் போனிலேயே சண்டை போட்டு லீவு வாங்கினார். மனைவியை ரயில் பிடித்து வரச் சொன்னார். வெயில் சாயும்போது அவர் மண்ணெண்ணெயும் பழந்துணியுமாகக் கதவின் முன்னால் குத்தவைத்திருந்தார். மருமகன் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். இப்படித் தேய்த்தால் பெயிண்ட்டும் சேர்ந்து வரும் மாமா என்று ஒரு முறை சொல்லிப் பார்த்து, அவர் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். உள்ளே மனைவி பெட்டிகளை எண்ணிவிட்டு, இதையெல்லாம் விமானத்தில் ஏற்றுவார்களா என்று மகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்தார். கதவைப் பார்த்தார். புதுசாகப் பெயிண்ட் அடித்துக் கொடுக்காமல் சாவியை வாங்கமாட்டேன் என்றார். கழுவாத கையோடு கதவைத் தட்டுகிற காட்டுமிராண்டி யார் என்றும் கேட்டார்.

ரேடியேட்டர் எழுந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அவர் ஆரம்பிப்பதற்குள் உள்ளேயிருந்து மகள் வேகமாக வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள்.

“எங்கப்பா கைதான். தொடச்சுக்கிட்டுத்தான இருக்காரு? கண்ணு தெரியலயா உங்களுக்கு?”

அவள் இன்னும் நிறைய சொன்னாள். வீட்டுக்காரர் படிப்படியாகப் பின்வாங்கி மாடிப்படிவரை போனார். ரேடியேட்டருக்குத் தன் பங்குக்குச் சொல்ல எதையும் அவள் மிச்சம் வைக்கவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டு, மறுபடி குத்தவைத்து, துணியை நனைக்கச் சொல்லி மருமகனிடம் நீட்டினார்.