சிமிட்டாத கண்கள்

கரடி விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் கண் டாக்டர். இது பட்டப்பகலில், என் அறையில், எனக்கே நடந்தது.

ஊரெல்லாம் கண்நோய் பரவியிருந்த வாரம். கதவைத் திறந்தால் சிவந்த கண்களாக வந்து உட்காரும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேர். மூன்றாம் நாளே எனக்கு எல்லாம் மரத்துப்போயிற்று. முகத்தைக்கூடப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே ஸ்டீராய்டு சொட்டு மருந்தை எழுதித் தள்ளினேன்.

சிவந்த கண் என்றால் பஞ்சு நூலால் கருவிழியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சிமிட்டாவிட்டால் ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். அது கண்ணின் உணர்ச்சியையே தின்றுவிடும். அந்தக் கண்ணில் ஸ்டீராய்டு விட்டால் வைரஸுக்கு விருந்துதான், பார்வையே போகலாம். எல்லாம் தெரிந்தும் செய்யவில்லை.

"பஞ்சு எடுத்து வைக்கட்டுமா டாக்டர்?" என்று காலையில் சிஸ்டர் கேட்டார்.

"இந்தக் கூட்டத்துலயா? அடுத்த ஆளை அனுப்புங்க."

மதியம் 1.40. சிஸ்டர் சாப்பிடப் போயிருந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. நிமிர்ந்தால், கண் சோதிக்கும் கருவியில் தாடையை வைத்தபடி ஒருவர். ஐம்பது வயதிருக்கும். கதவுச் சத்தம் கேட்கவில்லை. பசி மயக்கத்தில் கவனிக்கவில்லை போலும் என்று லென்ஸில் கண்ணை வைத்தேன்.

வெள்ளை வெளேரென்ற கண்கள். துளி சிவப்பு இல்லை.

"என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. தொட்டுப் பாருங்க."

வெளிச்சத்தைக் கூட்டினேன். கண்பாவை சுருங்கவில்லை...

பஞ்சு நூலால் வலது கருவிழியைத் தொட்டேன். சிமிட்டவில்லை.

இடது... சிமிட்டவில்லை.

அவ்வளவு அருகில் இருந்தும், என் கைமீது அவர் மூச்சு படவேயில்லை.

"அறுபத்திரண்டாம் டோக்கன். என் பொண்ணு. அவளையும் இப்படித் தொட்டுப் பாத்திருக்கலாமே?"

நிமிர்ந்தேன்.

நாற்காலி காலி.

மணி 1.55.

பதிவேட்டில் 62ஐத் தேடி போன் செய்தேன்.

"மருந்து விட்டீங்களாம்மா?"

"ஒரு தடவைதான் டாக்டர்."

"இனிமே விடாதீங்க. உடனே வாங்க."

3.20க்குத் தாயும் மகளும் வந்தார்கள். பஞ்சு நூலால் தொட்டேன். வலது கண் சிமிட்டவே இல்லை. சாயம் விட்டு நீல ஒளியில் பார்த்தால், கருவிழியில் மரக்கிளை போலப் புண். ஹெர்பிஸேதான். சொட்டு மருந்தை நிறுத்தி, வைரஸுக்கான களிம்பு கொடுத்தேன். மூன்று வாரத்தில் கண் தப்பியது.

"வலியே இல்ல டாக்டர். அழுது அழுது செவந்திருக்குன்னு நெனச்சேன்" என்றாள் மகள், களிம்பை வாங்கிக்கொண்டே.

"எதுக்கு அழுதீங்க?"

அவள் அம்மாதான் பதில் சொன்னார். "இவ அப்பா போயி நாலு நாள் ஆச்சு. அவரோட கண்ணை தானம் குடுத்துட்டோம்."



மறுநாள் கண் வங்கிக்குப் போன் செய்து, அந்தக் கருவிழிகள் எப்படி இருக்கின்றன என்று மட்டும் கேட்டேன். பொறுப்பாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்களுக்கு யாரு சொன்னா டாக்டர்? நேத்து ஒண்ணே முக்காலுக்கு ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ரெண்டு குப்பியும் காலி. மூடி திறக்கல, சீல் உடையல. ரெண்டு மணிக்கு மறுபடி பாத்தா... ரெண்டும் உள்ளதான் இருக்கு."