பிள்ளையார் முடக்கில் நிற்காத பஸ்

1964ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி ஐம்பது நிமிடம். தூறல். கலஹாவிலிருந்து பேராதனை வழியாகக் கண்டிக்கு இறங்கும் பஸ் பிள்ளையார் முடக்கில் வழக்கம்போல் நின்றது. அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. டாக்டர் படபடக்கக் கூடாது என்றிருக்கிறார். அதனால் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வளைவில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். பாறையடியில் ஆள் உயரம்கூட இல்லாத ஒரு கோயில், உள்ளே பிள்ளையார், வாசலில் பூட்டுப்போட்ட தகர உண்டியல். முடக்கு வருவதற்கு முன்பே கண்டக்டர் கையை நீட்டிக்கொண்டு பஸ்ஸின் பின்னாலிருந்து முன்னால் வருவார். விருப்பமானவர்கள் ஒரு சதமோ ஐந்து சதமோ போடுவோம். அவர் குதித்து இறங்கிக் காசை உண்டியலில் போட்டுவிட்டு, ஒரு விரலில் திருநீறு எடுத்துவந்து ஸ்டியரிங்கில் பூசுவார். டிரைவர் ஒருமுறை கண்ணை மூடித் திறப்பார். பிறகு பஸ் புறப்படும். எல்லாம் நாற்பது விநாடி. கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்திருக்கிறேன். டிரைவர் சிங்களவர், பௌத்தர். தோட்டப் பக்கம் வளர்ந்தவர் என்பதால் எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவார். அந்தப் பிள்ளையார் எங்களைவிட அவருக்குத்தான் நெருக்கம்.

என் பக்கத்து ஆசனத்தில் எப்போதும் தபால் மாஸ்டர் இருப்பார். யாழ்ப்பாணத்துக்காரர். பேராதனைப் பக்கம் ஒரு சின்னத் தபாற் கந்தோர் அவர் பொறுப்பில் இருந்தது. மனைவி கலஹாவில் ஆசிரியை என்பதால் எங்கள் பஸ்ஸில்தான் போய் வருவார். கண்டியில் ஒரு பகுத்தறிவு வாசகர் வட்டத்தை ஆரம்பித்து நடத்தியவர். கடவுள் இல்லை என்பதை, இன்று மழை இல்லை என்பதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொல்வார். எனக்கு அதுதான் எரியும். நான் அப்போது கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு எழுதும் லிகிதர். காலையில் விபூதி பூசாமல் வாசற்படி தாண்டாதவன். சண்டை போட்டுக்கொண்டே நாங்கள் இரண்டு வருடம் ஒரே ஆசனத்தில் போனோம். வேறிடத்தில் உட்கார இருவருக்குமே தோன்றவில்லை.

அன்று கண்டக்டர் இறங்கியதும் மாஸ்டர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஐசே, இந்தப் பிள்ளையார் என்ன பிறேக் இன்ஸ்பெக்டரோ? அஞ்சு சதம் வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் போக விடுறார்!"

நான் எழுந்த வேகத்தில் மேலே இருந்த சாமான் தட்டில் தலை இடித்தது. "மாஸ்டர், நீங்க கும்பிட வேணாம். வாயையாவது பொத்திக்கிட்டு வாங்க!"

"ஏன் காணும் கத்துறீர்? உம்மட பிள்ளையாருக்குப் பெரிய காதெல்லோ. நான் சொன்னது அவருக்கே கேட்டிருக்கும். கோவமெண்டால் அவர் கோவிக்கட்டும்."

பஸ் முழுவதும் சிரித்தது. கும்பிட்டவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கிளப்பிவிட்டது. "சாமியே இல்லங்கிறவருக்கு நல்லது என்னா, கெட்டது என்னா? நாளைக்கு எங்க மணியோடர் காசை எடுத்துக்கிட்டாலும் உங்களைக் கேக்கிறதுக்கு ஆள் இல்லையே!" என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. பதினெட்டு வருடம் மற்றவர்களின் காசை ஒரு சதம் பிசகாமல் கொடுத்து வந்த மனிதர் அவர். என் சாமியைச் சொன்னால் நான் கத்துவேன். அவர் கொள்கையைச் சொன்னால் அவர் பகிடி விடுவார். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு அவரிடம் பகிடி இருக்கவில்லை.

அப்போதுதான் யாரும் எதிர்பாராதது நடந்தது. டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு மாஸ்டர் பக்கம் திரும்பினார். "போதும் மாத்தையா. அஞ்சு சதம் குடுத்துத்தான் நான் ஓட்டுறேன்னு சொல்றீங்கதானே? நாளையிலேருந்து இங்க நிப்பாட்ட மாட்டேன். ஒரு கிழமை, ஏழு நாள். பாப்போம்."

புதன்கிழமை பஸ் நிற்கவில்லை. முடக்கைத் தாண்டும்போது எல்லோரும் கோயில் பக்கம் கழுத்தைத் திருப்பினோம். தாண்டிய பிறகு பார்த்தால் டிரைவரின் கை நடுங்குகிறது! பத்து வருடம் அந்த இறக்கத்தில் பறந்துவந்த மனிதர் முதலாம் கியரில் ஊர்ந்தார். வெறும் தெருவிலும் கோர்ன் அடித்தார். எதிரே ஒரு மாட்டு வண்டி வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு அது போகும்வரை காத்திருந்தார். என் அலுவலகத்தில் எட்டரைக்கு வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு கீறிவிடுவார்கள். என் வாழ்க்கையில் முதன்முறையாக அந்தக் கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். மாஸ்டரின் கந்தோர் வாசலில் சனம் வரிசையாக நின்று திட்டியதாம்.

வியாழக்கிழமை அதைவிட மோசம். நேரான தெருவிலேயே டிரைவர் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, பாறையிலிருந்து வழியும் பீலியில் தண்ணீர் குடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கண்டக்டர் கெஞ்சினார்: "அண்ணே, நீங்க நிப்பாட்ட வேணாம். கொஞ்சம் மெதுவா போங்க, நான் ஓடிப்போய் ஒரு சதம் போட்டுட்டு வந்து ஏறிக்கிறேன்."

"சொன்னது சொன்னதுதான்."

எனக்கோ ஒரே உற்சாகம்! கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்ட கவலைகூட மறந்துபோயிற்று. "மாஸ்டர், இப்ப என்னா சொல்றீங்க? பிள்ளையார் கை விட்டா என்னாகும்னு பாத்தீங்களா?"

"நான் பிள்ளையாரைப் பாக்கேல்லை. அந்த மனிசனைப் பாத்துக்கொண்டிருக்கிறன். பஸ்ஸை எங்கயும் இடிச்சால் வேலை போயிடும், வீட்டில அஞ்சு பிள்ளையள்" என்றார்.

வெள்ளிக்கிழமை அடைமழை. முன்கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. முடக்குக்கு ஐம்பது யார் தூரம் இருக்கும்போதே மாஸ்டர் எழுந்து, "நிப்பாட்டும்! நிப்பாட்டும் ஐசே!" என்று கூவினார். மாஸ்டர் வாயாலேயே கேட்டதும் டிரைவர் கோயிலருகே பிறேக் போட்டார். கையை நீட்டிக் கண்டக்டரை எங்கள் ஆசனத்தருகிலேயே தடுத்து, குடையை விரித்துக்கொண்டு தானே இறங்கினார். நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கத்து ஜன்னல்களில் தொங்கினோம். பஸ் சரிந்துவிடுமோ என்று பயந்துகொண்டே நானும் தொங்கினேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சதுர ஐந்து சதக் குத்தியை எடுத்து உண்டியலில் போட்டார். கும்பிடவில்லை. தலை குனியவில்லை. திருநீற்றுத் தட்டைத் தொடவும் இல்லை. திரும்பி வந்து கண்டக்டரிடம், "நீர் போய் உம்மட வேலையைச் செய்யும்" என்றார். கண்டக்டர் ஓடிப்போய்த் திருநீறு எடுத்துவந்து ஸ்டியரிங்கில் பூசினார். டிரைவர் கண்ணை மூடித் திறந்தார். அவர் தோள் இறங்கியதை நான் பின்னாலிருந்தே பார்த்தேன்.

"அரோகரா!" என்று நான்தான் முதலில் கத்தினேன். பஸ் முழுக்கக் கத்தியது. "பிள்ளையார் கால்ல மாஸ்டர் விழுந்துட்டாரு!" என்று பின்னாலிருந்து ஒருவர் விசில் அடித்தார். நனைந்த சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொன்னதைக் கேட்டவன் நான் ஒருவன் மட்டுமே: "உது பிள்ளையாருக்கில்லை. டிரைவரின்ர கைக்கு."

பஸ் இறங்கி ஓடியது. நான் சிவப்புக் கோட்டுக்கு மேலே கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்றைக்கே அலுவலகம் பூராவும் கதையைச் சொல்லி முடித்தேன். திங்கட்கிழமை அது கண்டித் தேத்தண்ணிக் கடைகளில் உலவியது. முதல் கடையில் மாஸ்டர் கும்பிட்டிருந்தார். இரண்டாவதில் தேங்காய் உடைத்திருந்தார். மூன்றாவது கடையில் மொட்டை போட்டுவிட்டார்! ரசித்துக்கொண்டே தேநீர் குடித்தேன்.

புதன்கிழமை பகல் சாப்பாட்டு நேரம் அவர் என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கண்ணில் தூக்கம் இல்லை. "சனிக்கிழமை வட்டத்தில என்னை விசாரிக்கினம். கும்பிட்டனெண்டு சொல்லிப் பேரை வெட்டப்போகினம். பக்கத்தில இருந்து கண்டது நீர்தானே? வந்து கண்டதைச் சொல்லும்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சாமி இல்லை என்பவர்களிடம் போய், இவரும் சாமி இல்லை என்பவர்தான் என்று நான் சாட்சி சொல்வதா! ஆனால் அந்த வட்டத்துப் பெயர்ப் பட்டியலில் முதற் பெயர் அவருடையது. அங்கே அலுமாரியில் இருந்த புத்தகங்களில் பாதி அவர் சம்பளத்தில் வாங்கியவை. அங்கிருந்து வெட்டிவிட்டால் எங்கள் பஸ்ஸில் அவரை நம்ம ஆள் என்று தோளில் கை போடுவார்கள். அதை அவர் தாங்கமாட்டார். அவர் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்றாகிவிடும்.

சனிக்கிழமை மாலை மூன்று மணி. ஒரு சலூனுக்கு மேல்மாடி. பதினாறு கதிரைகள், பதினான்கு பேர். தலைவர் நம் மலையகத்தவர், நிதானமானவர். "கும்பிட்டிருந்தா பேரை எடுக்கணும். கும்பிடலேன்னாலும் உண்டியல்ல காசு போட்டா அஞ்சு ரூவா தண்டம். இந்த விதியை எழுதினது மாஸ்டர்தான்" என்றார். மாஸ்டர் எதிர்க்கவில்லை.

நான் எழுந்தேன். "நான் சாமி கும்பிடுறவன். அவர் கும்பிட்டிருந்தா எனக்குத்தாங்க சந்தோசம். ஆனா அவர் கும்பிடல. திருநீறைத் தொடல. டிரைவர் பயந்துகிட்டே ஓட்டுறதைப் பாத்துட்டுத்தான் போட்டாரு. என்கிட்டயே சொன்னாரு" என்றேன்.

பின்வரிசையில் ஓர் இளைஞன் சிரித்தான். "கல்லைப் பேசும்னு நம்புறவரு சொல்றது சாட்சியா? இவரு கனவுல பிள்ளையார் வந்து சொல்லியிருப்பாரு."

நான் கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் என் பக்கத்தில் கதிரை ஒன்று சத்தத்தோடு பின்னால் போய் விழுந்தது. "வாயை மூடும்!" என்றார் மாஸ்டர். "அந்தாள் தனக்குப் பிடிக்காத உண்மையைச் சொல்ல இவ்வளவு தூரம் வந்திருக்கு. நீர் உமக்குப் பிடிச்ச பொய்யை இருந்த இடத்திலயே நம்புறீர். ஆர் காணும் இஞ்ச பகுத்தறிவாளன்?"

தலைவர், மாஸ்டர் கும்பிடவில்லை என்பதை ஏற்றுக்கொள்வதாகவும், தண்டம் மட்டும் கட்டினால் போதும் என்றும் சொன்னார். மாஸ்டர் முடியாது என்றார். ஒரு மனிதனின் கை நடுக்கத்துக்குக் கொடுத்த காசுக்குத் தண்டம் கட்டினால், செய்தது பிழை என்றாகிவிடுமாம். விதியை எழுதியவரே கட்டாவிட்டால் இன்றைக்கே பெயரை வெட்டத்தான் வேண்டும் என்றார் தலைவர். இருவரும் நல்லவர்கள், இருவரும் அசையவில்லை. தலைவர் பெயரை வெட்டப் பேனா மூடியைத் திறந்தார்.

என் சட்டைப் பையில் வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்கென்று எடுத்துவைத்த ஐந்து ரூபாய் இருந்தது. அதை மேசையில் அடித்து வைத்தேன். "யார் கட்டணும்னு விதியில இருக்கா?" என்றேன். தலைவர் விதியை இரண்டு முறை வாசித்துப் பார்த்தார். அப்படி இல்லை. பேனாவை மூடினார்.

இப்போது என் பேரன் கைத்தொலைபேசியில், முகம் தெரியாத யாரோ அவன் சாமியைக் கேலி செய்ததற்குப் பதில் எழுதிக்கொண்டு விடியும்வரை விழித்திருக்கிறான். அங்கே அந்த முகம் தெரியாதவனும் விழித்திருப்பான். பேரன் என்னைவிட நன்றாகத்தான் எழுதுகிறான். ஆனால் எதிரில் இருப்பவனின் காது சிவப்பதை அவனால் பார்க்க முடியாது. அதுதான் எனக்குக் கவலை.

அன்று மாடிப்படி இறங்கும்போது மாஸ்டர் கேட்டார்: "உமக்கென்ன விசரோ? சாமிக்கு வைச்ச காசையே இவங்களிட்டக் குடுத்தனீர்?"

"திங்கக்கெழமை பஸ்ல நான் யாரோட சண்டை போடுறது?"

எதிர்க் கடையில் உட்கார்ந்தோம். சம்பளத்தன்று திருப்பித் தருவதாகச் சொன்னார். வாங்கமாட்டேன் என்றேன், வாங்கிவிட்டால் அதைச் சொல்லி அவரைச் சீண்ட முடியாது. அதற்கும் சண்டை போட்டோம். வடை தீர்ந்து இன்னும் இரண்டு வந்தன. பணம் கட்டப் போன அவர் கையைத் தட்டிவிட்டு நானே கட்டினேன். தண்டம் ஐந்து ரூபாய், தேநீர் இரண்டு முப்பது சதம், வடை நான்கு நாற்பது சதம். எல்லாமாக ஐந்து ரூபாய் எழுபது சதம்.