நாற்பது கண்ணு

நான் வேலை பார்க்கும் ஆலையில் இன்று பாவு நூல் விறைப்பாக நிற்கப் போடும் கஞ்சியின் புளித்த வாசம் வந்ததும், சோமனூரில் இடித்துவிட்ட பள்ளிக்கூடமும், தொண்ணூறுகளின் ஒரு கோடையில் பக்கத்துத் தெருத் தறிச் சத்தத்துக்கும் இதே கஞ்சி வாசத்துக்கும் இடையே அங்கே நடந்த பெண்பிள்ளைகள் முகாமும் நினைவுக்கு வந்தன. எங்கள் நாற்பது பேரையும் மல்லிகா டீச்சர், எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளை அழைக்கிறபடி, 'அம்மணி' என்றுதான் கூப்பிடுவார். அண்ணனின் சட்டை, கால்சட்டையோடு வந்திருந்த செல்வி மட்டும் அதற்குத் திரும்பிப் பார்த்ததே இல்லை.

மூன்றாம் நாள் சாப்பாட்டு வரிசையில், கூப்பிட்டால் ஏன் திரும்புவதில்லை என்று டீச்சர் செல்வியிடம் கேட்டார்.

"நான் பொம்பளப் புள்ளை இல்லீங்க டீச்சர்."

"அப்பறம் இங்க உனக்கென்ன வேலை? ஊட்டுக்குப் போ!" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

அனுப்பிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். டீச்சர் கரண்டியைப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்தார்.

"சோறு ஆறுது, வா கண்ணு."

ஆணோ பெண்ணோ, எங்கள் பக்கம் எல்லாப் பிள்ளைக்கும் பொருந்துகிற சொல் அது. செல்வியின் தட்டு உடனே நீண்டது.

மறுநாளிலிருந்து நாங்கள் நாற்பது பேருமே டீச்சருக்குக் கண்ணுதான்.